இருட்டைப் படிக்கத் தெரியணும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட பிலிம் புகைப்படப் பட்டறை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சுவரில் மாட்டியிருக்கிற பிரிண்டுகளைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்லணும்னு கேட்டாங்க. சொன்னோம். 'நல்லா இருக்கு', 'உருக்கமா இருக்கு', 'மக்களோட வலி அப்படியே தெரியுது'. கைதட்டினோம். டீ குடிக்கப் போயிட்டோம். நான் கேட்கிறது ஒண்ணுதான். இதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை, அடுத்த ரோலில் எதை மாத்தி எடுக்கும்? எதையும் மாத்தாது. மாத்துவதற்கு நாம ஒண்ணுமே சொல்லலையே.

ஒடுக்கப்பட்டவர்கள் கையில் கேமரா வந்தால் இரண்டு விதமான எதிர்வினை வரும். ஒன்று, 'இது கலை இல்லை, பிரச்சாரம்' என்று தள்ளிவிடுவது. இது நமக்குப் பழகிப்போனது, பதில் சொல்லவும் தெரியும். இன்னொன்று, 'எவ்வளவு உண்மையா இருக்கு, எவ்வளவு பச்சையா இருக்கு' என்று முதுகில் தட்டுவது. எடுத்தவர் எங்கே நின்றார், ஏன் அங்கே நின்றார், எந்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார், சட்டகத்துக்கு வெளியே எதைத் தள்ளினார் என்று ஒரு கேள்வியும் இதில் இருக்காது. எடுத்தவருக்கு மூளை உண்டு, தேர்வு உண்டு என்பதையே ஒத்துக்கொள்ளாத பாராட்டு இது. கை பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுகிற தண்ணீர் மாதிரி. தாகம் தீரும்னு குடிச்சிடுறோம். ஊற்றுகிற கை எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு பார்க்கிறதில்லை.

கறாரான, குறிப்பான விமர்சனம் சமமானவர்களுக்குள்தான் நடக்கும். ஒருத்தர் என் பிரிண்டைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு 'இடது மூலையில் நிழல் செத்துப் போயிருக்கு, ஏன்?' என்று கேட்டால், என்னை அவர் ஒரு கலைஞனாக எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். இன்றைக்குப் பேச வந்தது இந்த மரியாதையைப் பற்றித்தான்.

இதை நமக்கு முன்னாடியே யோசித்துச் செய்து பார்த்தவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் புகைப்படக்காரர்கள். 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் தொடங்கியபோது பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அந்த மக்களின் கலைஞர்கள் எப்படி உட்கார்ந்து பேசினார்கள் என்பதை அந்த அளவுக்குக் கவனிக்கவில்லை. அதனால் கொஞ்சம் அந்த ஊருக்குப் போய் வருவோம்.

முதலில், விமர்சனம் எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு ஒரு உதாரணம். 1930-களில் அமெரிக்காவில் கடும் பொருளாதார நெருக்கடி. கிராமத்து ஏழைகளுக்கு உதவ ரூஸ்வெல்ட் அரசு 1935-ல் ஒரு துறையை ஆரம்பித்தது. 1937-ல் அது பார்ம் செக்யூரிட்டி அட்மினிஸ்ட்ரேஷன் என்று ஆனது. அதன் புகைப்படப் பிரிவுக்குத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். பொருளாதாரம் கற்பித்தவர், புகைப்படக்காரர் இல்லை. டொரோத்தியா லாங்கே, வாக்கர் எவன்ஸ், பென் ஷான் மாதிரி ஆட்கள் ஊர் ஊராகப் போய் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் வாஷிங்டனில் அவர் மேஜைக்கு வந்து சேரும். அவருக்குப் பிடிக்காத நெகட்டிவில், தாள்களில் ஓட்டை போடுகிற கருவியை வைத்து ஒரு ஓட்டை போட்டுவிடுவார். அவ்வளவுதான், அந்தப் படம் செத்தது.

பிலிமில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் தடையில்லாமல் போகும். பிரிண்டில் அது கன்னங்கரேலென்று ஒரு வட்டமாக விழும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அந்த நெகட்டிவ்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஒரு விவசாயியின் முகத்தில் கறுப்புச் சூரியன், ஒரு வயலுக்கு மேலே கறுப்புச் சூரியன். ஏன் வேண்டாம் என்று அந்த ஓட்டை சொல்லாது. எடுத்தவர் அதிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. நெகட்டிவ் என்பது ஒன்றே ஒன்றுதான் என்பதால் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. புகைப்படக்காரர்கள் எதிர்த்தார்கள், பிற்பாடு அந்த வழக்கம் நின்றது. அதிகாரத்தில் இருப்பவர் காரணம் சொல்லாமல் கொடுக்கிற தீர்ப்பு, எவ்வளவு படித்தவர் கொடுத்தாலும், இந்த ஓட்டைதான். 'இது சரியா வரலைப்பா, எடுத்துடு' என்று நாம சொல்லும்போதெல்லாம் நம்ம கையிலும் அந்தக் கருவி இருக்கு.

அதே ஸ்ட்ரைக்கரிடம் இன்னொரு பாடமும் இருக்கு. 1942-ல் ஒரு உதவித்தொகை பெற்று கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அந்தப் பிரிவில் சேர வருகிறார். ஸ்ட்ரைக்கர் அவரிடம், 'கேமராவை இங்கேயே வெச்சிட்டு ஊருக்குள்ள போய் வா. சாப்பாட்டுக் கடைக்குப் போ, துணிக்கடைக்குப் போ, சினிமாவுக்குப் போ' என்று அனுப்பினார். வாஷிங்டன், நாட்டின் தலைநகர். போன இடமெல்லாம் பார்க்ஸை விரட்டினார்கள். கொதித்துப்போய்த் திரும்பி வந்தார். இந்தக் கொடுமையை எப்படிப் படமாக்குவது என்று கேட்டபோது ஸ்ட்ரைக்கர் காட்டியது, அந்தக் கட்டிடத்திலேயே தரை துடைக்கிற ஒரு பெண்ணை. போய் அவரிடம் பேசு என்றார்.

அந்தப் பெண் பெயர் 'எல்லா வாட்சன்'. பார்க்ஸ் அவர் வாழ்க்கையைக் கேட்டார். பிறகு அமெரிக்கக் கொடிக்கு முன்னால், ஒரு கையில் துடைப்பம், பக்கத்தில் தரை துடைக்கும் மாப்பு என்று நிற்கவைத்து எடுத்தார். 'அமெரிக்கன் காதிக்' என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்த படம். இதை எடுத்ததோடு பார்க்ஸ் நிற்கவில்லை. அந்தப் பெண்ணோடு தொடர்ந்து வேலை செய் என்று சொல்லப்பட்டதால் அவர் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய்ப் பல வாரங்கள் எடுத்தார். முதல் படம் ஒரு முழக்கம். அடுத்து வந்த படங்களில்தான் ஒரு முழு மனுஷி இருக்கிறார், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர் வீட்டுக் கண்ணாடி இருக்கிறது.

இதை நல்லாக் கவனிங்க. 'இன்னும் போ, இன்னும் பக்கத்தில் போ, கேமராவை வெச்சிட்டுப் பேசு' என்பதுதான் இங்கே கிடைத்த விமர்சனம். எடுத்த படத்தோடு முடிந்துபோகாமல், எடுக்கப்போகிற படத்துக்கு வழி காட்டுகிறது. ஆனாலும் ஸ்ட்ரைக்கர் மேலதிகாரி, வெள்ளைக்காரர். அவர் நல்லவராக இருக்கிற நாளில் வழி கிடைக்கும். மற்ற நாளில் ஓட்டைதான். ஒருத்தருடைய நல்ல மனசை நம்பி ஒரு சமூகத்தின் கலை வளர முடியுமா?

முடியாது என்று முடிவெடுத்தவர்கள்தான் 1963-ல் நியூயார்க்கில் 'கமோயிங்கே' பட்டறையைத் தொடங்கினார்கள். கமோயிங்கே என்பது கென்யாவின் கிக்கூயூ மொழிச் சொல். சேர்ந்து செயல்படுகிற கூட்டம் என்று பொருள். லூயி டிரேப்பர், ஆல்பர்ட் ஃபென்னர், ரே ஃபிரான்சிஸ், ஷான் வாக்கர், ஹெர்பர்ட் ராண்டால் என்று கறுப்பின இளைஞர்கள் சிலர் ஒருத்தர் வீட்டில் கூடுவார்கள். அவர்களுக்கு மூத்தவரான ராய் டிகராவா முதல் இயக்குநர். பெரிய பத்திரிகைகள் கறுப்பினத்தவர்களுக்கு அநேகமாக வேலை கொடுக்காத காலம். அந்தப் பத்திரிகைகளில் ஹார்லம் என்றால் போதை, குப்பை, கலவரம், அவ்வளவுதான். தங்கள் தெருவைத் தங்கள் கண்ணால் பார்க்க ஒரு பள்ளி வேண்டும், அந்தப் பள்ளியை வேறு யாரும் நடத்தமாட்டார்கள் என்பதால் தாங்களே நடத்தினார்கள்.

அந்தக் கூட்டங்களில் ஒருவர் பிரிண்டை மற்றவர்கள் விமர்சிப்பதுதான் முக்கிய வேலை. அந்த விமர்சனம் மிகக் கறாரானது என்று உறுப்பினர்களே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 'நாமெல்லாம் ஒரே இனம், வெளியே அடி வாங்குகிறோம், உள்ளேயாவது தட்டிக்கொடுப்போம்' என்று அவர்கள் நினைக்கவில்லை. வெளியே யாரும் நம் பிரிண்டை ஒழுங்காகப் பார்ப்பதில்லை, ஆகவே இங்கேயாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று நினைத்தார்கள். நமக்கும் அவங்களுக்கும் இருக்கிற வித்தியாசம் இதுதான். ஒற்றுமை என்ற பேரில் நாம விமர்சனத்தை விட்டுட்டோம். அவங்க ஒற்றுமைக்காகவே விமர்சனத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க.

பலன் என்ன? 1973-ல் 'பிளாக் போட்டோகிராபர்ஸ் ஆனுவல்' என்ற தொகுப்பு வந்தது. முதல் தொகுதிக்கு முன்னுரை எழுதியவர் டோனி மோரிசன். அதில் கமோயிங்கே ஆட்களின் பங்கு பெரிது. குறையும் உண்டு. அது நீண்ட காலம் ஆண்களின் கூட்டமாகவே இருந்தது. மிங் ஸ்மித் என்ற முதல் பெண் உறுப்பினர் உள்ளே வந்தது 1970-களின் தொடக்கத்தில்தான். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் படம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் புகைப்படக்காரர் அவர். அதே அருங்காட்சியகம் 2023-ல் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. சமமானவர்களின் கூட்டம் என்று சொல்லிக்கொள்கிற எந்தக் கூட்டத்திலும் யார் இன்னும் உள்ளே வரவில்லை என்று கேட்கணும். இந்த அறையிலும் கேட்கணும்.

இப்போது டிகராவாவின் படங்களுக்கு வருகிறேன். 1919-ல் ஹார்லமில் பிறந்தவர், 2009-ல் இறந்தார். 1952-ல் குகன்ஹைம் உதவித்தொகை பெற்றார், அதைப் பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக்காரர். பிளாஷ் போடமாட்டார். இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பார். பிரிண்டுகள் இருட்டாக இருக்கும். 1953-ல் எடுத்த ஒரு படம், வாடகைக் குடியிருப்பின் குறுகலான நடை. மங்கலான ஒரு விளக்கு, இரண்டு பக்கமும் நெருக்குகிற சுவர். வேறு ஒன்றும் இல்லை. 1963 வாஷிங்டன் பேரணியில் எடுத்த ஒரு இளம்பெண்ணின் முகம் பட்டப்பகலில் எடுத்தது, அதுவும் ஆழ்ந்த சாம்பலில்தான் பிரிண்ட் ஆகியிருக்கிறது.

'ரொம்ப இருட்டா இருக்கே' என்று யாருக்கும் சொல்லத் தோன்றும். சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். அந்த இருட்டுக்குள் எத்தனையோ படிகள் இருக்கின்றன. சுவரின் கறுப்பு வேறு, கோட்டின் கறுப்பு வேறு, கன்னத்தின் கறுப்பு வேறு. எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. கறுப்பு என்பதை வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்க்காமல், பார்க்க வேண்டிய பொருளாகவே பார்த்த கண் அது. 'கொஞ்சம் வெளுப்பா பிரிண்ட் போடு' என்ற ஆலோசனையை டிகராவா ஏற்றிருந்தால் அந்த முகங்கள் எல்லாருக்கும் வசதியான சாம்பலாகியிருக்கும். வந்த கருத்தையெல்லாம் ஏற்பது பணிவு ஆகாது. எதை ஏற்கக்கூடாது என்று தெரிந்துகொள்வதும் விமர்சனத்தைப் பெறும் கலையில் சேர்த்திதான்.

'அப்போ என் பிரிண்டும் இருட்டுதான், நானும் டிகராவாதான்' என்று யாரும் கிளம்பிடாதீங்க. இருட்டு இரண்டு வகை. ஒன்று நிறைந்த இருட்டு, ஒன்று காலி இருட்டு. எது எதுன்னு சொல்லத் தெரியணும், அதற்கு நெகட்டிவைப் பார்க்கணும். நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. முகம் இருக்கிற இடத்தில் பிலிம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால், அங்கே ஒன்றும் பதியவில்லை. எக்ஸ்போஷர் போதவில்லை. இருட்டறையில் என்ன வித்தை செய்தாலும் இல்லாததைக் கொண்டுவர முடியாது. மெல்லிய சாம்பலில் கண்ணும் மூக்கும் தெரிந்தால் விஷயம் உள்ளே இருக்கு. என்லார்ஜருக்கு அடியில் அந்த இடத்தைக் கையால் மறைத்துக் கொஞ்சம் குறைவான வெளிச்சம் கொடுத்தால் வரும். முதலாவதுக்கு 'அடுத்த முறை எடுக்கும்போது மாத்து' என்று சொல்லணும். இரண்டாவதுக்கு 'இன்னிக்கு ராத்திரியே மறுபடி பிரிண்ட் போடு' என்று சொல்லணும். இரண்டுக்கும் சேர்த்து 'இருட்டா இருக்கு' என்றால் அவர் என்ன செய்வார்?

ஏன் முகம் காலியாகிறது? லைட் மீட்டருக்கு மனுஷன் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்புகிற நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் கறுத்த முகம் நின்றால், மீட்டர் சுவரைப் பார்த்துவிட்டு 'வெளிச்சம் அதிகம், குறை' என்று சொல்லும். குறைத்தால் சுவர் சாம்பலாகும், முகம் நிழலுக்குள் போய்விடும். பக்கத்தில் போய் முகத்தை மட்டும் அளந்தால், கறுத்த தோலையும் நடுத்தரச் சாம்பலாக வெளுத்துக் காட்டும். அதற்கு ஒரு ஸ்டாப் குறைக்கணும். ஆகவே ஒரு பிரிண்டில் முகம் காணாமல் போயிருந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'மீட்டரை எங்கே காட்டினீங்க?' நூறு 'சூப்பர்'களை விட இந்த ஒரு கேள்வி ஒருத்தரை வளர்க்கும். கைவேலை தெரியாதவர்கள்தான் விமர்சனத்தை மந்திரமாக்குவார்கள்.

பிலிமுக்கே ஒரு சாதி இருந்ததும் நமக்குத் தெரிஞ்சிருக்கணும். வண்ணப் பிரிண்டுகளின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். 'ஷெர்லி கார்டு' என்று பேர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுத்த பிள்ளையும் வெளுத்த பிள்ளையும் சேர்ந்து நிற்கிற பள்ளிக்கூடப் படத்தில் கறுத்த பிள்ளைக்குக் கண்ணும் பல்லும்தான் தெரியும். பழுப்பு நிறத்தின் படிகளைப் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்று அந்த நிறுவனத்தின் காதில் விழும்படி புகார் சொன்னவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் தயாரிப்பவர்களும் மர நாற்காலி மேஜை செய்பவர்களும். கறுப்புச் சாக்லேட்டுக்கும் பால் சாக்லேட்டுக்கும் விளம்பரப் படத்தில் வித்தியாசம் தெரியலையாம். கோடாக்கில் வேலை பார்த்தவர்கள் சொன்னதை வைத்து லோர்னா ராத் என்ற ஆய்வாளர் 2009-ல் இதை விரிவாக எழுதினார். மனுஷன் முகம் தெரியவில்லை என்பது புகாராகவில்லை. மேஜை தெரியவில்லை என்பது புகாராச்சு. கருத்துச் சொல்வது எல்லாராலும் முடியும். யார் சொன்னால் அது கேட்கப்படுகிறது என்பதில்தான் அரசியல் இருக்கு.

இதில் கடைசியாகக் கேட்கப்படும் ஆள், படத்தில் இருக்கிற ஆள். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டொரோத்தியா லாங்கே ஒரு தாயையும் பிள்ளைகளையும் எடுத்தார். 'மைக்ரண்ட் மதர்' என்று பாடப்புத்தகம், தபால்தலை வரைக்கும் போன படம். அந்தப் படத்தின் ஓரத்தில் தாயின் கட்டைவிரல் ஒன்று சட்டகத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அழகைக் கெடுக்கிறது என்று பிற்பாடு நெகட்டிவிலேயே அதை மங்கலாக்கினார்கள். அதிகாரபூர்வ ஆவணத்தில் கை வைப்பதா என்று ஸ்ட்ரைக்கருக்கு வருத்தம். விரலைப் பற்றி இவ்வளவு விவாதம். ஆனால் அந்த அம்மாவின் பெயரை யாரும் கேட்கவில்லை. 1978-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கிப் பழங்குடிப் பெண். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார். காரின் டயர்களை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங்கே எழுதியிருந்தது. அப்படி விற்கவே இல்லை என்று குடும்பத்தினர் மறுத்தார்கள். அரசு வேலையில் எடுத்த படம் என்பதால் லாங்கேவுக்கும் அதில் உரிமைத்தொகை கிடையாது, அதையும் சொல்லணும். ஆனாலும் அந்தப் படத்தைப் பற்றி உலகம் கேட்டிருக்க வேண்டிய முதல் விமர்சனம் 42 வருஷம் கழித்து வந்தது.

சரி, நாம என்ன செய்யலாம்? சொல்கிறவர் முதலில் பார்த்ததைச் சொல்லணும், பிறகு உணர்ந்ததை, கடைசியில்தான் ஆலோசனையை. 'எனக்குப் பிடிக்கலை' என்றால் பிரிண்டில் எந்த இடத்தில் கண் நின்றுபோச்சு என்று விரல் வைத்துக் காட்டணும். முடிந்தால் பிரிண்டோடு கான்டாக்ட் ஷீட்டையும் கேளுங்க. 36 படத்தில் எதை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் ஒருத்தருடைய கண் தெரியும். வறுமையின் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே பாட்டி சிரிக்கிற படத்தை ஏன் விட்டார் என்று கேட்கலாம். யாருக்குப் பிடிக்கும் என்று நினைத்து விட்டார் என்பதையும் கேட்கலாம்.

கேட்கிறவர் உடனே விளக்கம் சொல்லக்கூடாது. 'அன்னிக்கு மழை, லென்ஸ் சரியில்லை' என்பதெல்லாம் பிரிண்டுக்குள் இருக்காது. எழுதி வெச்சுக்குங்க. ஒரு வாரம் கழித்து நெகட்டிவைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் குறிப்பைப் படிங்க. சிலது உண்மைன்னு தெரியும். சிலது, சொன்னவர் பழகிய வெளுப்பிலிருந்து வந்ததுன்னு தெரியும். முதலாவதுக்காகத் திருத்துங்க, இரண்டாவதை எதிர்த்து நில்லுங்க. எதிர்ப்பதற்கும் காரணம் சொல்லத் தெரியணும். ஒரே நெகட்டிவை இரண்டு விதமாகப் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், பாதி வாக்குவாதம் தானாகவே முடிந்துவிடும்.

பிலிம் ரோல் விற்கிற விலையில் இந்த வேலையை விளையாட்டாகச் செய்ய முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் யாரோ ஒருத்தர் கூலியிலிருந்து காசு போயிருக்கு. அதற்கு நாம திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒழுங்கான பார்வைதான். அடுத்த கூட்டத்துக்கு பிரிண்டோடு நெகட்டிவையும் கான்டாக்ட் ஷீட்டையும் கொண்டு வாங்க. படத்தில் இருக்கிறவங்க பக்கத்து ஊர்தானே, அவங்களையும் கூட்டிட்டு வாங்க. முதல் நாற்காலியில் உட்கார வைங்க. முதல் கருத்தை அவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் மற்றவங்க எல்லாரும், நானும் சேர்த்துத்தான், வாயை மூடிக்கிட்டு இருப்போம்.